யூகிக்க முடியாத எண்: நோட் ஜேஎஸ்ஸில் டோக்கன், ஓடிபி, கூப்பன், குலுக்கல்

கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக்கி அறை வாடகைக்கு விடுகிறவர், காரைக்குடியிலிருந்து சீப்புச் சீடையும் கை முறுக்கும் பார்சல் போடுகிறவர், ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆர்டர் எடுக்கிறவர். மூவருடைய தளத்துக்கும் சில ரகசியங்கள் தேவைப்படுகின்றன. பாஸ்வேர்ட் மறந்தவருக்கு ஒரு லிங்க் (அதற்குள் இருக்கும் ரகசிய எழுத்துத் தொடர்தான் டோக்கன்), போனுக்கு ஒரு ஓடிபி, பில்லில் ஒரு முன்பதிவு எண், டப்பாவுக்குள் ஒரு கூப்பன். எல்லாமே சர்வர் ஒரு ரேண்டம் எண்ணை எடுப்பதில் தொடங்குகின்றன. அந்த எண்ணை வெளியாள் யூகித்துவிட்டால் அதன்மேல் கட்டிய எதுவும் நிற்காது.

செட்டிநாட்டு வீட்டின் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு சாவி. கொல்லர் எல்லாச் சாவிகளையும் ஒரே கணக்கில், சாவிக்கு ஒரு பல்லை நகர்த்தி அடித்திருந்தால் என்ன ஆகும்? தன் சாவியையும் பக்கத்து அறைச் சாவியையும் பார்த்தவர் மூன்றாவதை ராவி எடுத்துவிடுவார். சாவிகள் பார்வைக்கு வெவ்வேறாக இருந்தால் போதாது. நூறு சாவியைப் பார்த்தவருக்கும் நூற்றியோராவது தெரியக் கூடாது. சர்வரில் ரேண்டம் எண் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

கீழே ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறது. தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில், இரண்டாவது சொல்லிலிருந்து ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். யூயூஐடி, பிஇ இரண்டும் முழுக்கப் பெரிய எழுத்து. மேத், ஸ்ட்ரிங் இரண்டும் பெரிய எழுத்திலேயே தொடங்கும்.

மேத்.ரேண்டம் ஏன் ஆகாது

நோட் ஜேஎஸ் என்பது ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சர்வரில் ஓட்டும் மென்பொருள். அதற்குள் ஓடுவது குரோமில் இருக்கும் அதே வி8 எஞ்சின். அதில் 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு ரேண்டம் எண் தரும் ஃபங்ஷனான மேத்.ரேண்டம் 2015-ன் கடைசியில் எக்ஸ்ஓஆர்ஷிஃப்ட்128+ என்ற முறைக்கு மாறியது. அது உள்ளே நினைவில் வைத்திருக்கும் மொத்த நிலையும் இரண்டு 64 பிட் எண்கள்தான். ஒவ்வொரு முறையும் அவற்றை நகர்த்தி, கலந்து அடுத்த எண் வருகிறது. 64 எண்களை ஒரே மூச்சில் கணக்கிட்டு வைத்துக்கொண்டு கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். வேகமானது, புள்ளியியல் சோதனைகளில் நன்றாகவே தேறும். திரையில் கோலம் வரையவோ, முகப்புப் பக்கத்தில் எந்தப் படம் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவோ இது போதும்.

ஆனால் இந்தக் கணக்கைத் திருப்பிப் போடலாம். முழு எண்கள் நாலைந்து கிடைத்தால் 128 பிட் நிலையை மீட்டெடுக்கும் நிரல்கள் பொதுவில் கிடைக்கின்றன. நிலை தெரிந்தால் இனி வரப்போவதும் தெரியும், ஏற்கெனவே போனதும் தெரியும். நீங்கள் ஆறு இலக்கமாக வெட்டிக் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் 20 பிட் அளவுக்குத்தான் கசியும். எதிராளிக்கு இன்னும் கொஞ்சம் அதிக மாதிரி வேண்டும், அவ்வளவுதான். கூப்பனும் பாஸ்வேர்ட் லிங்க்கும் ஒரே புராசஸில் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரே நிரலில்) ஒரே மேத்.ரேண்டமிலிருந்து பிறந்தால் நிலைமை இன்னும் மோசம். தன் பெயரில் சில கூப்பன் வாங்கிப் பார்த்தவர் பக்கத்து வாடிக்கையாளரின் பாஸ்வேர்ட் லிங்க்கைக் கணக்கிட்டுவிடலாம்.

பல இடங்களில் வெட்டி ஒட்டப்படும் இன்னொரு வரி: மேத்.ரேண்டம்().டூஸ்ட்ரிங்(36).ஸ்லைஸ்(2). இதில் யூகிக்க முடிவது ஒரு குறை என்றால், நீளம் நிலையாக இல்லாதது இன்னொரு குறை. எண் சரியாக 0.5 என்று வந்தால் 36-ன் அடிப்படையில் அது '0.ஐ' ஆகும், முதல் இரண்டு எழுத்தை வெட்டினால் மிஞ்சுவது 'ஐ' என்ற ஒற்றை எழுத்து. அதுவே டோக்கன். அரிதுதான். ஆனால் பத்து எழுத்து இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல் ஒரு நாள் ஒன்பது எழுத்தில் வந்து நிற்பது அவ்வளவு அரிதல்ல.

நேரத்தையும் மின்னஞ்சலையும் சேர்த்து எம்டி5 போட்டால் ரகசியம் ஆகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. எம்டி5 ஒரு ஹேஷ், அதாவது எதைக் கொடுத்தாலும் நிலையான நீளத்தில் ஒரு கைரேகை தரும் கணக்கு. ஹேஷ் எதையும் ரகசியமாக்காது. உள்ளே போனது யூகிக்கக் கூடியது என்றால் வெளியே வருவதும் அப்படியே. 10 நிமிட இடைவெளியில் 6,00,000 மில்லிசெகண்டுகள்தான் இருக்கின்றன. போதாததற்கு, சர்வர் தன் ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும் நொடி வரை நேரத்தைச் சொல்லியே அனுப்புகிறது. மிச்சம் இருப்பது ஆயிரம் வாய்ப்பு.

நல்ல எண் எங்கிருந்து வருகிறது

லினக்ஸ் இயக்க முறைமையின் மையமான கெர்னல், வன்பொருளின் சின்னச் சின்ன நேர வித்தியாசங்களையும் சிபியுவின் ரேண்டம் கட்டளையையும் சேகரித்துக் கலந்து வைக்கிறது. கெர்னல் 4.8-லிருந்து சாச்சா20 என்ற சைஃபர் (குறியாக்க முறை) வழியே அதைத் தருகிறது. 3.17-ல் வந்த கெட்ரேண்டம் என்ற சிஸ்டம் கால் மூலம் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கத் தொகுப்பு அதைப் பெற்று, தன் உள் ஜெனரேட்டருக்கு விதையாக (தொடக்க எண்ணாக) போட்டுக்கொள்கிறது. நோட் ஜேஎஸ்ஸின் கிரிப்டோ மாட்யூல் ஓபன்எஸ்எஸ்எல்லிடமிருந்து வாங்கித் தருகிறது. நீங்கள் இதில் எதையும் சேர்க்க வேண்டாம். நேரத்தையோ புராசஸ் எண்ணையோ கலந்து பலப்படுத்துகிறேன் என்று இறங்கவும் வேண்டாம்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் வகை சாட்சி. 2006-ல் அதன் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பில் எச்சரிக்கை வருகிறது என்று இரண்டு வரிகளை நீக்கினார்கள். விதையாக மிஞ்சியது புராசஸ் எண் மட்டும். ஒரு வகைக் கணினியில், ஒரு அளவு சாவிக்கு 32,768 வாய்ப்புகள்தான் இருந்தன. 2008 மே மாதம் வெளியே தெரியும் வரை டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகள் அப்படியே புழங்கின. அத்தனை நாளும் அந்தச் சாவிகள் பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தன.

முதல் வரியிலேயே ஒரு பள்ளம்

கோப்பின் தலையில் நோட்:கிரிப்டோ மாட்யூலைத் தவறாமல் இம்போர்ட் செய்யுங்கள். மறந்தால் நோட் 19 முதல் பிழை விநோதமாக வரும். அங்கே கிரிப்டோ என்ற பெயர் இம்போர்ட் இல்லாமலே கிடைக்கும். ஆனால் அது உலாவியில் இருக்கும் வெப் கிரிப்டோ. அதில் ரேண்டம்பைட்ஸ் கிடையாது, 'ரேண்டம்பைட்ஸ் ஒரு ஃபங்ஷன் இல்லை' என்று நிற்கும். டெர்மினலில் வெறுமனே நோட் என்று தட்டித் திறக்கும் இடத்தில் அதே பெயர் முழு மாட்யூலைக் குறிக்கும். அங்கே ஓடிய வரி கோப்பில் ஓடாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

வெப் கிரிப்டோவின் கெட்ரேண்டம்வேல்யூஸும் பாதுகாப்பானதே. ஒரு அழைப்பில் 65,536 பைட்டுக்கு மேல் கேட்டால் பிழை தரும். முழு எண் வரிசைகளை மட்டுமே நிரப்பும். உலாவியிலும் சர்வரிலும் ஒரே நிரல் ஓட வேண்டும் என்றால் அதை எடுங்கள். சர்வருக்கு மட்டும் என்றால் நோட் மாட்யூலே வசதி.

பாஸ்வேர்ட் லிங்க்: ரேண்டம்பைட்ஸ்

மனிதர் கையால் தட்டத் தேவையில்லாத எந்த ரகசியத்துக்கும் 32 பைட் எடுத்துக்கொள்ளுங்கள். 256 பிட், இதைத் தேடிக் கண்டுபிடிக்க எவராலும் ஆகாது.

டோக்கன் = கிரிப்டோ.ரேண்டம்பைட்ஸ்(32).டூஸ்ட்ரிங்('பேஸ்64யூஆர்எல்')

இது 43 எழுத்து வரும். லிங்க்கில் அப்படியே போடலாம். ஹெக்ஸ் என்று கொடுத்தால் 64 எழுத்து. வெறும் பேஸ்64 கொடுக்காதீர்கள். அதில் கூட்டல் குறியும் சாய்கோடும் வரும்; லிங்க்கில் கூட்டல் குறி இடைவெளியாக மாறி, சில பேருக்கு மட்டும் 'லிங்க் செல்லாது' என்று வரும். எப்போதும் நடக்காத பிழை என்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம். டூஸ்ட்ரிங் அடைப்புக்குள் ஒன்றுமே எழுதாமல் விட்டால் இன்னும் மோசம். நோட் அதை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொண்டு, பொருந்தாத பைட்டுகளை எல்லாம் ஒரே மாற்றுக் குறியாக ஆக்கிவிடும். ரேண்டமாக இருந்ததில் கிட்டத்தட்டப் பாதி அங்கேயே போய்விடும்.

32 பைட்டுக்கு நேரடி அழைப்பே போதும், மைக்ரோசெகண்டுகளில் முடியும். பெரிய அளவு எடுப்பதானால் கால்பேக் வடிவம் எடுங்கள், அது லிப்யூவியின் திரெட் பூலில், அதாவது மற்ற வேலையைத் தடுக்காமல் பின்னணியில் ஓடும். ப்ராமிஸாக (பிறகு வரப்போகும் மதிப்புக்கான சீட்டாக) மாற்றிப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அவெய்ட் விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் ரேண்டம் பைட்டுகளுக்குப் பதில் ப்ராமிஸின் மேல் டூஸ்ட்ரிங் ஓடும். பிழையே வராது. சதுர அடைப்புக்குள் 'ஆப்ஜெக்ட் ப்ராமிஸ்' என்ற சொற்கள் எல்லோருக்கும் ஒரே டோக்கனாகப் போகும். ஓடும்போது பிழை வராததற்குக் காரணம், ப்ராமிஸுக்கும் டூஸ்ட்ரிங் உண்டு. டோக்கனின் நீளம் 43 தானா என்று ஒரு வரிச் சோதனை வைத்தால் அன்றைக்கே பிடிபடும்.

டேட்டாபேஸில் டோக்கனை வைக்காதீர்கள். அதன் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷை வையுங்கள். டேட்டாபேஸின் நகல் ஒன்று வெளியே போனாலும் அதைக் கொண்டு யாரும் லிங்க் செய்ய முடியாது. இவ்வளவு நீள டோக்கனுக்கு உப்போ (ஹேஷுக்கு முன் சேர்க்கும் ரேண்டம் பைட்டுகள்), மெதுவான பாஸ்வேர்ட் ஹேஷோ தேவையில்லை. லிங்க் வந்ததும் அதிலிருக்கும் டோக்கனை ஹேஷ் செய்து, அந்த ஹேஷை வைத்துத் தேடுங்கள். செல்லும் காலம் 30 நிமிடம், ஒரு முறை பயன்பட்டதும் அழிப்பு, புதிது கேட்டால் பழையது செல்லாது. இந்த மூன்றும் டேட்டாபேஸ் அட்டவணையின் ஒரே வரிசையில் மூன்று பத்திகள்தான்.

ஒரு முறை மட்டும் என்ற விதியில் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் முன்னோட்டப் படம் எடுக்க அது லிங்க்கைத் திறந்து பார்க்கும். சில அலுவலக மின்னஞ்சல் வடிகட்டிகளும் வைரஸ் இருக்கிறதா என்று திறந்து பார்க்கும். வாடிக்கையாளர் தொடுவதற்குள் டோக்கன் தீர்ந்துவிடும். ஆகவே லிங்க்கைத் திறந்தால் படிவம் மட்டும் வரட்டும். புதிய பாஸ்வேர்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தும்போதுதான் டோக்கன் செலவாக வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து போகும் மற்ற தளங்களுக்கு லிங்க் தெரியாமலிருக்க ரெஃபரர் பாலிசியை 'நோ-ரெஃபரர்' என்று வையுங்கள். வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் ஆக்சஸ் லாகில் லிங்க் முழுதும் பதிவாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டேட்டாபேஸ் தேடல் இல்லாமல் நேரடியாக இரண்டு ரகசியங்களை ஒப்பிடும் இடங்களில், பேமென்ட் நிறுவனம் அனுப்பும் கையொப்பத்தைச் சரிபார்ப்பது போல, மூன்று சமக் குறி போட்டு ஒப்பிடாதீர்கள். முதல் எழுத்து வேறுபட்டதுமே அது நின்றுவிடலாம். எவ்வளவு நேரம் எடுத்தது என்பதே துப்பு. டைமிங்சேஃப்ஈக்வல் அதற்குத்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நீளம் இல்லையென்றால் அது பிழை எறியும். முதலில் நீளத்தைப் பாருங்கள், அல்லது இரண்டையும் எஸ்ஹெச்ஏ-256 செய்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஓடிபி: ரேண்டம்இன்ட்

ஓடிபி = ஸ்ட்ரிங்(கிரிப்டோ.ரேண்டம்இன்ட்(0, 1000000)).பேட்ஸ்டார்ட்(6, '0')

முதல் எண் சேரும், இரண்டாவது சேராது: 0 முதல் 999999 வரை. '100000, 999999' என்று எழுதுகிறவர்கள் பலர். பூஜ்யத்தில் தொடங்கும் ஒரு லட்சம் எண்களும் போய்விடும், 999999-ம் வராது. ஆபத்து பெரிதில்லை; ஆனால் பேட்ஸ்டார்ட் ஒன்று இருக்கும்போது இழப்பானேன். டேட்டாபேஸில் ஓடிபி பத்தியை எண் வகையாக வைத்தால் 004217 என்பது 4217 ஆகி, சரியாகத் தட்டியவருக்கும் தவறு என்று வரும். எழுத்து வகையாக வையுங்கள்.

ரேண்டம்இன்ட் நோட் 14.10-ல் வந்தது. இரண்டு எல்லைகளுக்கும் இடையே 2-ன் 48-ம் அடுக்குக்குக் குறைவான தூரம் இருக்க வேண்டும். சாய்வு இல்லாமல் (எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்போடு) எண் தருவதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆறு இலக்கம் என்பது பத்து லட்சம் வாய்ப்புகள். எண் எவ்வளவு நல்ல ரேண்டமாக இருந்தாலும், எத்தனை முறை தவறாகத் தட்ட விடுகிறீர்கள் என்பதே இங்கே பூட்டு. 5 முறையோடு நிறுத்தினால் யூகிப்பவருக்கு 2 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அந்த எண்ணிக்கை ஓடிபியோடு சேர்ந்திருக்கட்டும். ஐபி முகவரியோடு மட்டும் கட்டினால், எதிராளி நூறு ஐபியிலிருந்து வந்து தட்டுவார். புது ஓடிபி கேட்டதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போனால் அதுவும் ஓட்டைதான்; ஒரு போன் எண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனைதான் என்று தனியாக ஒரு வரம்பு வேண்டும்.

ஓடிபியை வெறும் எஸ்ஹெச்ஏ-256 செய்து வைப்பதில் பயனில்லை. பத்து லட்சம் ஹேஷையும் ஒரு சாதாரண மடிக்கணினி நொடிக் கணக்கில் போட்டுப் பார்த்துவிடும். டேட்டாபேஸுக்கு வெளியே இருக்கும் ஒரு சாவியால் ஹெச்மேக் (சாவியோடு சேர்த்துப் போடும் ஹேஷ்) செய்து வையுங்கள்.

டப்பாவுக்குள் போகும் கூப்பன்

மனிதர் படித்துத் தட்ட வேண்டிய எண் என்றதும் எழுத்துகளின் பட்டியல் ஒன்று வரும், அங்கேதான் தவறும் வரும். பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, ஆக 62. ஒரு ரேண்டம் பைட் எடுத்து 62-ஆல் வகுத்து மீதியைப் பட்டியலில் தேடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. பைட் 0 முதல் 255 வரை 256 மதிப்பு. 62-ஐ நான்கு முறை போட்டால் 248, மிச்சம் 8. அந்த எட்டு மதிப்பும் பட்டியலின் முதல் எட்டு எழுத்துக்குப் போகும். மற்ற எழுத்துகளுக்கு 256-ல் 4 வாய்ப்பு என்றால் இந்த எட்டுக்கும் 256-ல் 5. கால் பங்கு கூடுதல்! படியை அளக்கும்போது முதல் எட்டுப் பேருக்கு மட்டும் குவித்து அளந்தது போல. பத்து இலக்கப் பட்டியலிலும் இதே கதை: 0 முதல் 5 வரை 256-ல் 26, 6 முதல் 9 வரை 25.

சரிசெய்ய இரண்டு வழி. 248-ம் அதற்கு மேலும் வரும் பைட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பது ஒன்று. நூற்றுக்கு மூன்று பைட்தான் வீணாகும். இல்லையென்றால் 256-ஐச் சரியாக வகுக்கும் பட்டியலை எடுப்பது. 32 எழுத்து என்றால் ஒவ்வொன்றுக்கும் எட்டு மதிப்பு, சாய்வே கிடையாது. இலக்கம் பத்தோடு பெரிய எழுத்துகளில் ஐ, எல், ஓ, யூ நான்கையும் விட்டால் சரியாக 32 வரும். ஐயும் எல்லும் ஒன்றோடும், ஓ பூஜ்யத்தோடும் குழம்புவதும் போகும். எழுத்துக்கு எழுத்து ரேண்டம்இன்ட்(32) அழைத்தால் எந்தப் பட்டியலுக்கும் இந்தக் கவலையே வராது. கூப்பன் மாதிரியான சின்ன வேலைக்கு அதுதான் எங்கள் பரிந்துரை. தயார் தொகுப்பு வேண்டுமென்றால் நானோஐடி: 64 எழுத்துப் பட்டியல், இயல்பாக 21 எழுத்து, 126 பிட். அதிலேயே 'நான்-செக்யூர்' என்று ஒரு கிளை உண்டு, அது மேத்.ரேண்டம். இம்போர்ட் வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை எழுத்து? 32 பட்டியலில் 6 எழுத்து என்றால் 107 கோடிக்கு மேல் வாய்ப்பு. தாராளம் என்று தோன்றும். ஆனால் ஏதாவது இரண்டு எண் ஒன்றாகிவிடும் வாய்ப்பு, சுமார் 38,600 எண் கொடுத்த உடனேயே பாதிக்குப் பாதி. தீபாவளிக்குத் தீபாவளி பார்சல் போடும் கடைக்கு அது சில வருடம்தான். 8 எழுத்து என்றால் அந்தக் கட்டம் 12 லட்சத்தைத் தாண்டிப் போகும். எவ்வளவு நீளமானாலும் டேட்டாபேஸில் அந்தப் பத்திக்கு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். மோதினால் புதிதாக ஒன்று எடுத்து மறுபடி எழுதட்டும். 'முதலில் இருக்கிறதா என்று தேடு, இல்லையென்றால் எழுது' என்று இரண்டு படியாகச் செய்தால், இரண்டு ஆர்டர் ஒரே நேரத்தில் வரும் நாளில் கைவிடும்.

முன்பதிவு எண்ணை ரயில் நிலையத்திலிருந்து போனில் படித்துச் சொல்கிற பெரியவர்கள் நிறைய. பி, டி, ஈ மூன்றும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். இலக்கம் மட்டும் போட்டு 10 இலக்கமாக, 3-3-4 என்று பிரித்து அச்சிட்டால் தமிழிலேயே படித்துச் சொல்வார்கள். 33 பிட் கிடைக்கும். அறைச் சாவியை வாங்கித் தரும் அதிகாரத்தை அந்த எண் ஒன்றுக்கே கொடுத்துவிடாதீர்கள். போன் எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்று வையுங்கள்.

ரேண்டம்யூயூஐடி நல்ல அடையாள எண் (யூயூஐடி) தரும்: 122 பிட் ரேண்டம். நோட் அதற்கு 128 எண்ணுக்கு ஆகும் பைட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வதால் வேகமும் உண்டு. ஆனால் பதிப்பு 1 யூயூஐடி நேரத்திலிருந்து வருவது. பதிப்பு 7-ல் முன் 48 பிட் நேரம். மாங்கோடிபியின் ஆப்ஜெக்ட் ஐடியில் நேரம் 4 பைட், புராசஸுக்கு ஒரு முறை எடுக்கும் ரேண்டம் 5 பைட், ஏறுமுக எண் 3 பைட். ஒன்றைப் பார்த்தால் அடுத்ததைச் சொல்லலாம். இவை பெயர்ப்பலகை, சாவியல்ல.

செஷன் சாவி

உள்நுழைந்தவரை நினைவில் வைக்கும் எக்ஸ்பிரஸ் செஷனுக்கோ ஜேடபிள்யூடிக்கோ வேண்டிய சாவியை நிரல் தொடங்கும்போதெல்லாம் ரேண்டம்பைட்ஸால் எடுக்காதீர்கள். நிரலைப் பல புராசஸாக ஓட்டும் கருவியான பிஎம்2 நான்கு புராசஸ் ஓட்டினால் நான்கு சாவி. கோரிக்கை எந்தப் புராசஸுக்குப் போகிறதோ அதைப் பொறுத்து வாடிக்கையாளர் உள்ளே இருப்பார், திடீரென்று வெளியே போவார். ஒரே ஒரு முறை 32 பைட் எடுத்து, என்வ் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பை கிட்டில் சேர்க்காமல் விடுங்கள். பாஸ்வேர்ட் உப்பு 16 பைட், ஆளுக்கு ஒன்று. ஏஇஎஸ்-ஜிசிஎம் குறியாக்கத்தின் ஐவி (தொடக்க மதிப்பு) 12 பைட், ஒவ்வொரு முறையும் புதிது. ஒரே சாவியில் ஐவி இரண்டு முறை வந்தால் அந்தக் குறியாக்கம் உடையும்.

சோதனை எழுதும்போது

பத்து லட்சம் எண் எடுத்து எண்ணிப் பார்க்கும் சோதனை, சாய்வைப் பிடிக்கும். யூகிக்க முடியுமா என்பதை அது சொல்லாது, மேத்.ரேண்டமும் அதில் தேறிவிடும். ஆகவே இதை நிரலை வாசித்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். ரெப்போவில் இருக்கும் நிரல் முழுக்க மேத்.ரேண்டம் என்று கிரெப் போட்டுத் தேடி, வரும் ஒவ்வொரு வரியிலும் 'இதை யாராவது யூகித்தால் யாருக்கு நஷ்டம்?' என்று கேளுங்கள். யூனிட் டெஸ்ட்டில் நிலையான எண் வேண்டுமென்றால் ரேண்டம் எடுக்கும் ஃபங்ஷனை அளவுருவாகக் கொடுங்கள். 'டெஸ்ட் என்றால் விதை 42' என்ற நிபந்தனையை நிரலுக்குள் எழுதினால், என்வ் மாறி ஒன்று தவறாக இருக்கும் அன்று அது நிஜ சர்வரில் ஓடும்.

முகூர்த்தக் குலுக்கல்

பன்னிரண்டு புள்ளிகளுக்குப் பொதுவான ஒரு பெரிய வீடு. தை முகூர்த்தங்களில் யாருக்கு எது என்று வரிசை வேண்டும். பங்காளிகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பதால் கணினியில் குலுக்கலாம் என்கிறார்கள்.

பட்டியலை சார்ட் செய்து, ஒப்பீட்டில் மேத்.ரேண்டம் கழித்தல் 0.5 போடும் வரி இங்கே அநியாயம் செய்யும். மூன்று பேரை இப்படிக் கலைத்தால் எழுதிய வரிசையே திரும்பி வரும் வாய்ப்பு ஆறில் ஒன்று இருக்க வேண்டும். இன்றைய வி8 வரிசைப்படுத்தும் டிம்சார்ட் முறையில் அது எட்டில் மூன்று. ஃபிஷர்-யேட்ஸ் முறையே சரி: கடைசி இடத்திலிருந்து தொடங்கி, இடம் ஐ-க்கு ரேண்டம்இன்ட்(0, ஐ+1) எடுத்து, அந்த இரண்டு இடத்தையும் மாற்றிக்கொண்டே முன்னால் வர வேண்டும். கூட்டல் ஒன்றை விட்டுவிட்டால் யாருமே தன் பழைய இடத்தில் நிற்க முடியாத வரிசைகள் மட்டும் வரும். பார்த்தால் நன்றாகக் கலைந்தது போலவே இருக்கும்.

இதோடு எண் நியாயமாகிவிட்டது. நம்பிக்கை இன்னும் வரவில்லை. குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லும்போது எல்லோரும் பார்க்கிறார்கள். கணினியில் குலுக்குபவர் தனக்குப் பிடித்த வரிசை வரும் வரை பத்து முறை ஓட்டியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. 12 பேருக்கு 47,90,01,600 வரிசைகள் இருப்பதெல்லாம் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காது. தீர்க்கும் முறை இது.

முந்தைய நாள், நடத்துபவர் 12 பெயரையும் எண் போட்டு குரூப்பில் இடுகிறார். 32 ரேண்டம் பைட்டை ஹெக்ஸாக எடுத்து, அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதன் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷை மட்டும் குரூப்பில் போடுகிறார். இனி அவர் ரகசியத்தை மாற்ற முடியாது. மறுநாள் ஒவ்வொரு புள்ளியும் நான்கு இலக்க எண் ஒன்றைச் சீட்டில் எழுதி மடித்துப் போடுகிறது. வெளிநாட்டில் இருப்பவருக்கு ஒரு உறவினர் எழுதிப் போடலாம். எல்லாம் விழுந்த பிறகே பிரித்து, பெயர்ப் பட்டியலின் வரிசையில் சிறு கோடு போட்டுச் சேர்க்கிறார்கள். ஒவ்வொருவராக வாயால் சொல்லக் கூடாது. நடத்துபவரோடு சேர்ந்துகொண்ட ஒருவர் கடைசியில் சொல்வாரானால், மற்ற பதினொன்றையும் கேட்டுவிட்டுத் தனக்கு வேண்டிய வரிசை தரும் எண்ணைத் தேடிச் சொல்லிவிடலாம்.

அடுத்து, ரகசியத்தைச் சாவியாகவும், சேர்த்த எண்களோடு ஒரு முக்காற்புள்ளியும் 0, 1, 2 என்ற வரிசை எண்ணும் சேர்ந்ததைச் செய்தியாகவும் வைத்து ஹெச்மேக்-எஸ்ஹெச்ஏ-256 போடுங்கள். வருவதில் முதல் 6 பைட்டை ரீட்யூஇன்ட்பிஇ(0, 6) கொண்டு எண்ணாக்குங்கள். தேவை 12-க்குள் ஒன்று என்றால், 2-ன் 48-ம் அடுக்குக்குள் அடங்கும் 12-ன் மிகப் பெரிய மடங்கும் அதற்கு மேலும் வந்தால் தள்ளிவிட்டு அடுத்த வரிசை எண்ணுக்குப் போங்கள். இல்லையென்றால் மீதியை எடுங்கள். அடுத்த படிக்கு 11, பிறகு 10. இவையே ஃபிஷர்-யேட்ஸுக்கு ரேண்டம்இன்ட்டின் இடத்தில் நிற்கும். முடிந்ததும் ரகசியத்தைக் குரூப்பில் போட்டால், நிரல் தெரிந்த எந்தப் பங்காளியும் தன் கணினியில் ஓட்டி அதே வரிசை வருகிறதா என்று பார்க்கலாம்.

ஹேஷ் ஒத்துப்போகவில்லை என்று சண்டை வந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. ஒருவர் 64 எழுத்தை எழுத்தாகவே ஹேஷ் செய்திருப்பார், இன்னொருவர் அதை 32 பைட்டாக மாற்றிச் செய்திருப்பார். எது என்று முந்தைய நாளே எழுதிவிடுங்கள், ஹெச்மேக் சாவிக்கும் அதே விதி. அல்லது டெர்மினலில் எக்கோ கொண்டு சரிபார்த்திருப்பார். எக்கோ கடைசியில் ஒரு புது வரிக் குறியைச் சேர்த்துவிடும், ஹேஷ் அடியோடு மாறிவிடும். பிரின்ட்எஃப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

நடத்துபவருக்கு ஒரே ஒரு தப்பும் வழி மிச்சம் இருக்கிறது. சீட்டுகளைப் பிரித்ததும் தன் கணினியில் முடிவைப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் 'ரகசியம் இருந்த கோப்பு அழிந்துவிட்டது, மறுபடி குலுக்கலாம்' என்று சொல்லலாம். அதனால் ஹேஷைப் போடும் அன்றே ரகசியத்தைத் தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, நடத்துபவர் அல்லாத ஒருவர் வீட்டுப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். குலுக்கல் அன்று அந்த உறையும் வளவுக்கு வர வேண்டும்.